எத்தனை லூயி, எத்தனை ஹென்றி? ஐரோப்பிய அரசர் பெயர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய வரலாற்றைப் புரட்டினால் பத்துப் பக்கத்துக்குள் மூன்று சார்லஸ், நான்கு ஃபிலிப் வந்துவிடுவார்கள். யார் யாருக்கு அப்பா, யார் எந்த நாட்டுக்காரர் என்பதே குழம்பிப் போகும். அந்தக் குழப்பத்தில் பிறக்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அரசரின் பெயரும் அதற்கு முன்னால் வரும் எண்ணும் ஓர் உரிமைக் கோரிக்கை. "நான் இன்னாரின் வாரிசு" என்பதை ஒரே சொல்லில் சொல்லும் வழி அது. சில சமயம் அந்தக் கோரிக்கை உண்மை, சில சமயம் அப்பட்டமான புளுகு.

ஏன் ஒரே பெயர்களைத் திரும்பத் திரும்ப வைத்தார்கள்? வேறு பெயரே கிடைக்கவில்லையா?

பெயர்களுக்குப் பஞ்சமில்லை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது அங்கேயும் வழக்கம்தான். ஆனால் அரச குடும்பங்களில் அது பாசத்தோடு நிற்பதில்லை.

நல்ல உதாரணம் எட்டாம் நூற்றாண்டில் அரசரான சார்லமேன், அதாவது கார்ல். அவருடைய அப்பா பெப்பின், பிராங்க் நாட்டை (பிற்காலப் பிரான்ஸ் இதில் அடங்கும்) ஆண்ட மெரோவிங்கிய வம்சத்தின் கடைசி அரசரை 751இல் இறக்கிவிட்டு அரியணையைப் பிடித்தவர். பெப்பின், கார்ல் என்பவைதான் அந்தக் குடும்பத்தின் வழக்கமான பெயர்கள். ஆனால் 778இல் சார்லமேனுக்கு இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தபோது வைக்கப்பட்ட பெயர்கள் லூயி, லோத்தேர். இவை மெரோவிங்கிய வம்சத்தின் மாபெரும் அரசர்களான குளோவிஸ், குளோத்தார் ஆகியோரின் பெயர்கள். குளோவிஸ் என்பதும் லூயி என்பதும் ஒரே பெயர். காலப்போக்கில் முதல் எழுத்து தேய்ந்துவிட்டது. யாருடைய நாற்காலியைப் பறித்தார்களோ அவர்களுடைய பெயரையே பிள்ளைகளுக்கு வைத்து, "நாங்களும் அந்த வரிசைதான்" என்று காட்டிக்கொண்டார்கள். லோத்தேர் குழந்தையிலேயே இறந்துவிட, லூயி பேரரசரானார். பிரான்ஸின் அத்தனை லூயிகளும் எண்ணப்படுவது அவரிலிருந்துதான்.

அப்படியானால் பிரான்ஸை 18 லூயிகள் ஆண்டார்களா?

எண் 18 வரை போகிறது. ஆண்டவர்கள் 17 பேர்தான். பதினாறாம் லூயியின் தலை 1793 ஜனவரியில் கில்லட்டினில் போனது. அவருடைய சின்னப் பையனை மன்னராட்சி ஆதரவாளர்கள் "பதினேழாம் லூயி" என்று அறிவித்தார்கள். அந்தக் குழந்தை அப்போது சிறையில் இருந்தது. ஒரு நாள்கூட ஆளாமல் 1795இல், பத்து வயதில், சிறையிலேயே இறந்துபோனது. 1814இல் திரும்பிவந்து அரியணை ஏறிய சித்தப்பா தன்னை "பதினெட்டாம் லூயி" என்று அழைத்துக்கொண்டார். அந்த எண்ணிலேயே ஒரு அரசியல் வாக்குமூலம் இருக்கிறது: புரட்சியும் குடியரசும் நெப்போலியனும் சட்டப்படி நடக்கவே இல்லை, என் அண்ணனுக்குப் பிறகு அண்ணன் மகன், அவனுக்குப் பிறகு நான்.

நெப்போலியன் குடும்பமும் இதே வேலையைச் செய்தது. 1852இல் பேரரசரானவர் மூன்றாம் நெப்போலியன். இரண்டாமவர் எங்கே என்று தேடினால், 1815இல் தந்தை பதவி விலகியபின் சில நாள் பெயரளவில் மட்டும் பேரரசராக இருந்த சிறுவன் கிடைப்பான்.

இன்னொரு விஷயம். பதினான்காம் லூயிக்கு அடுத்து வந்த பதினைந்தாம் லூயி அவருடைய மகன் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். கொள்ளுப் பேரன்! பதினான்காமவர் 72 ஆண்டுகள் ஆண்டார். அதற்குள் 1711இல் மகன் லூயி போய்விட்டார், 1712இல் பேரன் லூயி போய்விட்டார், அதே ஆண்டில் மூத்த கொள்ளுப் பேரன் லூயியும் போய்விட்டான். மிஞ்சிய இளைய கொள்ளுப் பேரன் லூயிதான் 1715இல் ஐந்து வயதில் அரசனானான். நடுவே மூன்று லூயிகள் எண்ணே இல்லாமல் காணாமல் போய்விட்டார்கள்.

ஃபிலிப் என்பது கிரேக்கப் பெயர். அது பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் எப்படிப் போனது?

எனக்கு மிகப் பிடித்த பெயர்ப் பயணம் இது. 1051இல் பிரான்ஸின் முதலாம் ஹென்றி, கீவ் நகரத்து இளவரசி அன்னாவை மணந்தார். கீவ் அப்போதுதான் கிரேக்கம் பேசிய பைசாந்தியப் பேரரசிடமிருந்து கிறிஸ்தவத்தைப் பெற்று இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. பிறந்த பையனுக்கு ஃபிலிப் என்று பெயர் வைத்தார்கள். மேற்கு ஐரோப்பிய அரச குடும்பங்களில் அதுவரை புழங்காத பெயர். அன்னா கிழக்கிலிருந்து கொண்டுவந்தது என்பதுதான் வழக்கமான விளக்கம். அந்தப் பையன் 1060 முதல் 1108 வரை ஆண்டதால் பெயர் பிரெஞ்சு மண்ணில் வேர்விட்டது. ஆறாம் ஃபிலிப் வரை போனது.

ஆறாம் ஃபிலிப்பின் பேரன் ஒருவன், அவனும் ஃபிலிப், பர்கண்டியின் பிரபு ஆனான். அவன் வழியில் வந்த இளவரசி மரியா ஹாப்ஸ்பர்க் வம்சத்து மாக்ஸிமிலியனை மணந்தாள். அவர்களுக்கு 1478இல் பிறந்தவன் "அழகன்" ஃபிலிப். அவன் ஸ்பானிய இளவரசி ஹுவானாவை மணந்து, 1506இல் சில மாதம் காஸ்டிலின் அரசனாக இருந்து இறந்தான். ஆண்டது கொஞ்ச காலம், ஆனாலும் ஸ்பெயினின் முதலாம் ஃபிலிப் அவன்தான். அவனுடைய பேரன் இரண்டாம் ஃபிலிப் இளவரசனாக இருந்தபோதே, 1543இல், ஸ்பானியக் கடலோடிகள் ஆசியாவில் கண்ட சில தீவுகளுக்கு அவன் பெயரை வைத்தார்கள். பிறகு அது முழுத் தீவுக்கூட்டத்துக்கும் பெயராகி பிலிப்பைன்ஸ் ஆயிற்று. கீவ் இளவரசி ஒருத்தி பிரான்ஸுக்கு மருமகளாகப் போனதில் தொடங்கிய பெயர் மணிலா வரை போய்ச் சேர்ந்தது. இன்றைய ஸ்பெயின் அரசர் ஆறாம் ஃபெலிப்பேயும் இந்த வரிசைதான்.

எண் போடும் பழக்கம் எப்போது வந்தது? முதல் ஆளையே "முதலாம்" என்று கூப்பிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. முதலாம் எலிசபெத் வாழ்ந்த காலத்தில் வெறும் எலிசபெத். 1952இல் இரண்டாமவர் வந்தபிறகுதான் அவர் "முதலாம்" ஆனார். விக்டோரியா இன்றும் வெறும் விக்டோரியாதான். இதற்கு விலக்கு உண்டு: ஸ்பெயினின் ஹுவான் கார்லோஸ் தொடக்கத்திலிருந்தே "முதலாம்" என்றே எழுதப்பட்டார்.

இங்கிலாந்தின் எட்வர்டுகளைப் பார்த்தால் எண்ணும் வழக்கம் எப்படித் தட்டுத்தடுமாறி வந்தது என்று தெரியும். 1066இல் நார்மன்கள் வந்து இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்பே மூன்று எட்வர்டுகள் ஆண்டிருக்கிறார்கள். அவர்களில் கடைசி ஆள், பின்னர் புனிதராக்கப்பட்ட எட்வர்ட். மூன்றாம் ஹென்றிக்கு அந்தப் புனிதர்மேல் அளவுகடந்த பக்தி. வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தையே அவருக்காக இடித்துக் கட்டினார். 1239இல் பிறந்த மூத்த மகனுக்கு அந்தப் பெயரையே வைத்தார். அந்த மகன், பேரன், கொள்ளுப் பேரன் என்று மூன்று எட்வர்டுகள் வரிசையாக வந்ததும் ஆவணங்களில் குழப்பம். அதனால் "வெற்றிக்குப் பின் வந்த மூன்றாம் எட்வர்ட்" என்று எழுதத் தொடங்கினார்கள். நாளடைவில் "வெற்றிக்குப் பின்" உதிர்ந்துபோய் எண் மட்டும் தங்கியது. பழைய மூன்று பேருக்கும் எண்ணே இல்லாமல் போனது அப்படித்தான்.

ஒரே ஆளுக்கு இரண்டு எண் இருக்க முடியுமா?

தாராளமாக. ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் 1603இல் இங்கிலாந்தையும் பெற்றபோது அங்கே முதலாம் ஜேம்ஸ் ஆனார். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் ஸ்பெயினில் முதலாம் கார்லோஸ். ஸ்பெயினின் இரண்டாம் ஃபிலிப் போர்ச்சுகலில் முதலாம் ஃபிலிப்.

இதில் உச்சம் நேப்பிள்ஸ் அரசர் ஃபெர்டினாண்ட். நேப்பிள்ஸில் நான்காமவர், சிசிலியில் மூன்றாமவர். 1816இல் இரண்டு நாடுகளையும் ஒன்றாக்கி "இரு சிசிலிகள்" என்று பெயரிட்டபோது முதலாம் ஃபெர்டினாண்ட் ஆனார். நான்கு, மூன்று, இப்போது ஒன்று, இந்த விளையாட்டு தொடர்ந்தால் கடைசியில் பூஜ்யம்தான் என்று நேப்பிள்ஸ் மக்கள் பாட்டுக் கட்டிக் கிண்டல் செய்தார்கள்.

இத்தாலி ஒன்றுபட்டபோது நடந்தது இதற்கு நேரெதிர். 1861இல் புதிய இத்தாலியின் முதல் அரசரான விட்டோரியோ இமானுவேலே தான் முன்பு ஆண்ட சார்டீனிய நாட்டு எண்ணான "இரண்டாம்" என்பதை விடவே இல்லை. புதிய நாடு ஒன்றும் பிறக்கவில்லை, என் நாடு பெரிதாகியிருக்கிறது, அவ்வளவுதான் என்பது அதன் பொருள். இத்தாலியர் பலருக்கு இது உறுத்தியது. அவர் மகன் 1878இல் பட்டத்துக்கு வந்தபோது குடும்ப வரிசைப்படி நான்காம் உம்பர்ட்டோ ஆகியிருக்க வேண்டும். அவர் "முதலாம் உம்பர்ட்டோ" என்று தொடங்கினார். புத்திசாலித்தனமான முடிவு என்றுதான் சொல்வேன்.

இரண்டாம் எலிசபெத் ஸ்காட்லாந்தில் முதலாம் எலிசபெத்தானே?

ஸ்காட்லாந்துக்காரர்கள் கேட்டதும் அதுவேதான். பழைய எலிசபெத் ஸ்காட்லாந்தை ஆண்டதே இல்லை. 1952 நவம்பரில் எடின்பரோவில் "இரண்டாம் எலிசபெத்" முத்திரையோடு ஒரு தபால் பெட்டி திறக்கப்பட்டது. அடுத்த பிப்ரவரியில் யாரோ அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். நீதிமன்றத்தில் வழக்கும் நடந்து தள்ளுபடியானது. பிரதமர் சர்ச்சில் ஒரு சமரசம் சொன்னார்: இங்கிலாந்து, ஸ்காட்லாந்து இரண்டில் எது பெரிய எண்ணோ அதை எடுத்துக்கொள்ளலாம். அதன்படி நாளை ஒரு ஜேம்ஸ் வந்தால் எட்டாம் ஜேம்ஸ் ஆவார், ஏனென்றால் ஸ்காட்லாந்தில் ஏழு பேர் ஆகிவிட்டது. அலெக்ஸாண்டர் வந்தால் நான்காமவர். ஸ்காட்லாந்தின் புதிய தபால் பெட்டிகளில் அதன்பின் அரசியின் முத்திரைக்குப் பதிலாக ஸ்காட்டிஷ் மகுடம் மட்டும் வந்தது.

ஸ்வீடன் அரசர் பதினாறாம் கார்ல் குஸ்தாவ். அதற்கு முன் 15 கார்ல்கள் இருந்தார்களா?

இல்லை. புளுகு என்று மேலே சொன்னேனே, இதைத்தான் சொன்னேன்.

ஜொஹானஸ் மாக்னுஸ் என்ற ஸ்வீடன் பேராயர், நாடு புராட்டஸ்டன்ட் ஆகிவிட்டதால் வெளிநாட்டில் தங்கி நாட்டு வரலாற்றை எழுதினார். அவர் இறந்தபின் 1554இல் ரோமில் அது அச்சானது. ஸ்வீடனின் பழமையைக் காட்டும் ஆர்வத்தில், நோவாவின் வழித்தோன்றல்களிலிருந்து தொடங்கி இல்லாத அரசர்களை வரிசைவரிசையாக நிறுத்திவிட்டார். அந்தக் கணக்கை நம்பித்தான் 1560இல் பட்டத்துக்கு வந்த எரிக் தன்னைப் "பதினான்காம் எரிக்" என்றார். அவருடைய தம்பி கார்ல் பின்னால் அரசரானபோது "ஒன்பதாம் கார்ல்" ஆனார். உண்மையில் சான்றுள்ள முதல் கார்ல், 1167இல் கொல்லப்பட்ட கார்ல் ஸ்வெர்க்கெர்சன். இன்றைய கணக்கில் அவர் ஏழாமவர். அவருக்கு முன்னுள்ள ஆறு பேரும் கற்பனை. ஆகவே இன்றைய அரசர் நியாயமாகப் பத்தாம் கார்ல்தான். தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் மாற்றப்போவதில்லை.

இதே வரிசையில் பதினான்காம் கார்ல் யோஹான் பிறப்பால் ஸ்வீடன்காரரே அல்ல. தென்மேற்கு பிரான்ஸில் பிறந்த ழான் பெர்னதோத், நெப்போலியனின் படைத்தளபதி. வாரிசில்லாத ஸ்வீடன் அவரை 1810இல் பட்டத்து இளவரசராகத் தேர்ந்தெடுத்தது. ஸ்வீடன் பெயரோடு அந்தப் பொய் எண்ணும் அவருக்கு வந்து சேர்ந்தது. அவருடைய மகன் பெயர் ஆஸ்கர். அதை வைத்தவர் ஞானத்தந்தையான நெப்போலியன். ஓசியன் என்ற பழங்கவிஞர் பாடியதாக ஸ்காட்லாந்தில் வெளியான கவிதைகள்மேல் நெப்போலியனுக்குப் பைத்தியம். ஆஸ்கர் அதில் வரும் வீரன். ஸ்வீடனும் நார்வேயும் இரண்டு ஆஸ்கர்களால் ஆளப்பட்டதற்கு இதுதான் காரணம்.

டென்மார்க்கில் இரண்டே பெயர்கள் மாறி மாறி வருகின்றனவாமே?

ஆம். 1513இல் இரண்டாம் கிறிஸ்டியான் வந்ததிலிருந்து கிறிஸ்டியான், ஃபிரெடெரிக், கிறிஸ்டியான், ஃபிரெடெரிக் என்று 1972 வரை ஒரு தடவைகூடத் தப்பவில்லை. தொடக்கம் தற்செயல்: இரண்டாம் கிறிஸ்டியானை விரட்டிவிட்டு அரியணையில் உட்கார்ந்த சித்தப்பாவின் பெயர் ஃபிரெடெரிக், அவருடைய மகன் பெயர் கிறிஸ்டியான். பிறகு தாத்தா பெயரை மூத்த மகனுக்கு வைக்கும் வழக்கம் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நேர்வாரிசு அறுந்து 1863இல் வேறு கிளை வந்தபோதும், வந்தவர் பெயர் அதிர்ஷ்டவசமாகக் கிறிஸ்டியான்.

நம் தரங்கம்பாடிக்கு இதில் பங்கு உண்டு. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620இல் உடன்படிக்கை செய்து டேனியர்கள் அங்கே கோட்டை கட்டியபோது அரசர் நான்காம் கிறிஸ்டியான். 1706இல் அங்கே வந்திறங்கிய மதபோதகர் சீகன்பால்குவை அனுப்பியவர் நான்காம் ஃபிரெடெரிக். 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் இன்றும் அவருடைய முத்திரை இருக்கிறது. 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றபோது எட்டாம் கிறிஸ்டியான். இந்த 225 ஆண்டுகளில் ஒன்பது அரசர்கள், பெயர்கள் இரண்டு. தரங்கம்பாடியில் அச்சிட்ட சின்னச் சின்னக் காசுகளில் அரசரின் முதலெழுத்தும் எண்ணும் மகுடத்தோடு பொறிக்கப்பட்டன. பழங்காசு சேர்ப்பவர்களுக்கு எழுத்து இரண்டில் ஒன்றுதான். அந்தக் குட்டி எண்ணைப் பார்த்துத்தான் காலம் சொல்ல வேண்டும்.

1953இல் பெண்களும் பட்டத்துக்கு வரலாம் என்று சட்டம் மாறியது. 1972இல் மார்கரேத்தே வந்தார். அவர் தன்னை ஒரு கிறிஸ்டியானின் இடத்தில் வைத்துக்கொண்டு மூத்த மகனுக்கு ஃபிரெடெரிக் என்று பெயரிட்டார். 2024 ஜனவரியில் அவர் விலக, பத்தாம் ஃபிரெடெரிக் அரசரானார். அடுத்த வாரிசு கிறிஸ்டியான் என்று சொல்லவும் வேண்டுமா?

பட்டத்துக்கு வரும்போது பெயரை மாற்றிக்கொள்ளலாமா?

மாற்றியிருக்கிறார்கள். பிரிட்டனின் ஏழாம் எட்வர்டும் ஆறாம் ஜார்ஜும் வீட்டில் "பெர்ட்டி"தான். இருவருக்கும் முதல் பெயர் ஆல்பர்ட். கணவர் ஆல்பர்ட்மேல் இருந்த பற்றால் விக்டோரியா குடும்பத்தில் எல்லோருக்கும் அந்தப் பெயரைத் திணித்தார். ஆனால் மகன் 1901இல் அரசரானதும், ஆல்பர்ட் என்ற பெயர் தன் தந்தைக்கு மட்டுமே உரியதாக இருக்கட்டும் என்று நாசூக்காகச் சொல்லி எட்வர்ட் ஆனார். 1936இல் அண்ணன் பதவி விலகிய களேபரத்துக்குப் பின் வந்த ஆறாம் ஜார்ஜ், தந்தையின் பெயரை எடுத்துக்கொண்டதற்கும் காரணம் உண்டு: எதுவும் மாறவில்லை என்று மக்களுக்குத் தோன்ற வேண்டும்.

நார்வே கதை இன்னும் சுவாரசியம். 1905இல் ஸ்வீடனிலிருந்து பிரிந்த நார்வே, டென்மார்க் இளவரசர் கார்லை அரசராக அழைத்தது. கார்ல் என்றால் டேனிய வாடையும் ஸ்வீடன் வாடையும் அடிக்கும். அவர் ஏழாம் ஹாகோன் ஆனார். ஆறாம் ஹாகோன் இறந்தது 1380இல்! இடையில் போன ஐந்து நூற்றாண்டுகளை ஒரு எண்ணால் தாண்டிவிட்டார். இரண்டு வயது மகன் அலெக்ஸாண்டர் ஒரே நாளில் ஓலாவ் ஆனான்.

ராசியில்லாத பெயர்கள் என்று உண்டா?

இங்கிலாந்தில் ஜான் என்ற பெயரைச் சொல்வார்கள். நார்மண்டியை இழந்து, 1215இல் மாக்னா கார்ட்டாவில் முத்திரையிட வேண்டிவந்த அந்த ஜானுக்குப் பிறகு இன்னொரு ஜான் வரவில்லை. ஆனால் இதை நான் அவ்வளவாக நம்பவில்லை. ஜான் என்ற இளவரசர்கள் பின்னாலும் பிறந்திருக்கிறார்கள்; மூத்தவர்களாகப் பிறக்கவில்லை அல்லது பிழைக்கவில்லை, அவ்வளவுதான். ஸ்காட்லாந்தில் பயம் நிஜமாகவே இருந்தது: 1390இல் ஜான் என்ற இளவரசர் அரசரானபோது, முன்பு பதவி பறிபோன அரசர் ஜான் பேலியோலின் நினைவு வேண்டாம் என்று மூன்றாம் ராபர்ட் ஆகிவிட்டார்.

பெரும்பாலும் முடிவு செய்வது குழந்தைச் சாவுதான். முதலாம் எட்வர்டின் வாரிசாக இருந்த அல்ஃபோன்சோ 1284இல் பத்து வயதில் இறக்காமல் இருந்தால் இங்கிலாந்து ஓர் அல்ஃபோன்சோவைப் பார்த்திருக்கும். ஏழாம் ஹென்றி தன் புதிய வம்சத்துக்குப் பழம்பெருமை சேர்க்க மூத்த மகனுக்கு ஆர்தர் என்று பெயர் வைத்தார். அவன் 1502இல் இறந்துபோக, நமக்குக் கிடைத்தவர் எட்டாம் ஹென்றி.

எல்லோருக்கும் ஒரே பெயர் வைத்த குடும்பம் ஏதாவது உண்டா?

உண்டு. ஜெர்மனியின் ரோய்ஸ் குடும்பம். ஆண் குழந்தை எது பிறந்தாலும் ஹைன்ரிஹ் (நம் புத்தகங்களில் ஹென்றி). ஆளுகிறவருக்கு மட்டுமல்ல, பிறக்கும் ஒவ்வொரு பையனுக்கும் எண். மூத்த கிளை நூறு வரை எண்ணிவிட்டு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும் முறையை வைத்திருந்தது. இளைய கிளை நூற்றாண்டு பிறந்ததும் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். விளைவு: இளைய கிளையில் 67ஆம் ஹைன்ரிஹுக்குப் பிறகு 1867இல் அவருடைய மகன் 14ஆம் ஹைன்ரிஹ், அவருக்குப் பிறகு 27ஆம் ஹைன்ரிஹ். 1918இல் ஜெர்மன் முடியாட்சிகள் கவிழ்ந்தபோது இவர்கள் ஆட்சியும் முடிந்தது. பெயரும் எண்ணும் மட்டும் குடும்பத்தில் இன்றும் தொடர்கின்றன.

எண் வேண்டாம் என்று சொன்ன அரசர் இருக்கிறாரா?

நெதர்லாந்தின் வில்லெம்-அலெக்ஸாண்டர். 1890 முதல் 2013 வரை மூன்று அரசிகள் ஆண்டபின் வந்த முதல் ஆண் அவர். மூன்று வில்லெம்கள் ஏற்கெனவே இருந்ததால் நான்காம் வில்லெம் ஆவார் என்று எதிர்பார்த்தார்கள். நான்காம் வில்லெம் என்றால் மேய்ச்சல் நிலத்தில் 38ஆம் பெர்த்தா பக்கத்தில் நிற்பதுபோல் இருக்கும் என்று பேட்டியில் சிரித்தார். பெர்த்தா அங்கே பசுமாட்டுக்கு வைக்கும் பெயர்.

அடுத்த தலைமுறையில் இந்தப் பெயர்கள் தொடருமா?

பல நாடுகளில் தொடராது. மூத்த குழந்தைக்கே பட்டம், ஆணோ பெண்ணோ என்று ஸ்வீடன் 1980இல் சட்டத்தை மாற்றியது. நெதர்லாந்து, நார்வே, பெல்ஜியம் எல்லாம் பின்தொடர்ந்தன. ஸ்வீடனில் சட்டம் மாறியதால், பிறந்து சில மாதமே ஆகியிருந்த கார்ல் ஃபிலிப்பிடமிருந்து பட்டத்துரிமை அக்கா விக்டோரியாவுக்குப் போனது. இல்லையென்றால் அந்தப் பொய்க்கணக்கில் 17ஆவது கார்லும் வந்திருப்பார். இன்று நெதர்லாந்தின் வாரிசு கத்தரினா-அமாலியா, பெல்ஜியத்தின் வாரிசு எலிசபெத். இந்தப் பெயர்களில் அந்த நாடுகளை இதுவரை யாரும் ஆண்டதில்லை. ஸ்பெயினில் ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை தரும் பழைய விதி அப்படியே இருக்கிறது. ஆனால் ஃபெலிப்பேவுக்கு இரண்டும் பெண்கள் என்பதால் மூத்தவள் லெயோனோர்தான் வாரிசு. பிரிட்டனிலோ பழைய பெயர்கள்தான் காத்திருக்கின்றன: ஐந்தாம் வில்லியம், அவருக்குப் பின் ஏழாம் ஜார்ஜ். பட்டத்துக்கு வரும் நாளில் யாராவது மனம் மாறி வேறு பெயரை எடுத்துக்கொள்ளாத வரை.